மணி அடிக்காத காலை

ஆந்திராவின் சித்தூர் பக்கத்து வெதுருகுப்பம் மண்டலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வீடுகளில் நடக்கும் பேச்சு ஒன்றும் புதிதல்ல. இன்டர் எங்கே சேர்ப்பது? கார்வேட்டிநகரமா, புத்தூரா, சித்தூரா? கடனோ உடனோ வாங்கித் திருப்பதியில் ஹாஸ்டலோடு கூடிய காலேஜில் போட்டுவிடலாமா? கணக்கு எடுக்கும் எம்.பி.சி.யா, உயிரியல் எடுக்கும் பை.பி.சி.யா? வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் பேசி வளர்ந்த பிள்ளை அங்கே இங்கிலீஷ் மீடியத்தைத் தாக்குப்பிடிப்பானா?

இந்தப் பேச்சில் ஒரு வகைப் பிள்ளை கணக்கில் வருவதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டவன். சின்னச் சொல்லுக்கும் வெடித்து, மேஜையைத் தள்ளிவிட்டு வெளியே போனவள். பரீட்சை ஹாலில் கை நடுங்கி, விடை தெரிந்தும் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தவன். பார்வை இல்லாத பிள்ளையைப் பள்ளிக்குத் தெரியும், அவனுக்கு ஸ்கிரைப் தரவேண்டும் என்பதும் தெரியும். மனம் நோயுற்ற பிள்ளையைப் பள்ளி வேறு பெயர்களில்தான் அறிந்திருக்கிறது: திமிர் பிடித்தவன், சோம்பேறி, கவனமில்லாதவள். ஊர் இன்னும் சில பெயர்களை வைத்திருக்கிறது. அவற்றில் பாதி பேய் பிசாசு சம்பந்தப்பட்டவை.

அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்திலேயே ஒரு பெயர் உண்டு. 1975இல் வந்த மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான கல்விச் சட்டம், உணர்ச்சிக் கோளாறு உள்ளவர்களைத் தனிப் பிரிவாக வைத்தது. நீண்ட காலமாக, படிப்பைப் பாதிக்கும் அளவுக்கு மனச்சோர்வோ, பயமோ, அடங்காத கோபமோ, பிறரோடு பழக முடியாமையோ இருக்கிற மாணவர்கள் அந்தப் பிரிவில் வருவார்கள். 1990இல் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பள்ளி முடிந்தபின் இந்த மாணவன் என்ன செய்யப்போகிறான் என்பதற்கு, அவன் பள்ளியில் இருக்கும்போதே எழுத்தில் திட்டம் இருக்கவேண்டும் என்றது. பிறகு 2000ஆம் ஆண்டு 11,000க்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, யார் என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

கணக்கு வந்தபோது படித்தவர்களுக்கு வருத்தம்தான் மிஞ்சியது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று எல்லாப் பிரிவுகளையும் வரிசைப்படுத்தினால், பாதியில் படிப்பை விட்டவர்கள் விகிதத்தில் உணர்ச்சிக் கோளாறு உள்ளவர்களே முதலில் நின்றார்கள். பள்ளியை விட்டு எட்டு ஆண்டுகளுக்குள் அவர்களில் பத்தில் ஆறு பேர் அளவில் ஒருமுறையாவது போலீசாரால் கைது செய்யப்பட்டிருந்தார்கள். வேலை கிடைக்காமலில்லை, கிடைத்தது. ஆனால் நிலைக்கவில்லை. அறிவுத்திறனில் பெரிய குறை எதுவும் இல்லாத பிள்ளைகள் இவர்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அடையாளம் கண்டு, பெயர் வைத்து, சிறப்பு ஆசிரியர் போட்டு, திட்டமும் எழுதிய நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஏன்? காரணங்களை அடுக்கினால் வறுமை, நிறவேற்றுமை, போதைப்பொருள் என்று நீளும். என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த உதவி அத்தனையும் ஒரு கட்டடத்துக்குள் இருந்தது. கட்டடத்தை விட்டு வெளியேறிய அன்று அது முடிந்தது.

பிரிட்டனில் இதையே மருத்துவமனைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அங்கே 18 வயது வரை ஒரு மனநலப் பிரிவு, அதற்கு மேல் இன்னொன்று. ஸ்வரன் சிங் என்ற மனநல மருத்துவரின் குழு, ஒரு பிரிவிலிருந்து மற்றதற்கு மாறும் வயதில் இருந்த இளைஞர்களின் கோப்புகளை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டது. தகவல் கைமாறி, பழைய மருத்துவரும் புதியவரும் கலந்து பேசி, சிகிச்சை அறுபடாமல் தொடர்ந்த முறையான மாற்றம் நடந்தது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே. மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுந்தார்கள்.

விழுகிற வயதைக் கவனியுங்கள். 2005இல் ரொனால்ட் கெஸ்லர் குழு அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன, முக்கால்வாசி 24க்குள். பின்னால் உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மார்கோ சோல்மி குழு, தொடக்கம் உச்சத்தில் இருக்கும் வயது பதினான்கரை என்றது. நம் ஊர்க் கணக்கில் அது ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே. இந்தியாவில் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. அதற்காகத் தேர்ந்தெடுத்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு இருந்தது, ஆந்திரா இல்லை. வெதுருகுப்பத்துக்குப் பிற மாநிலங்களின் எண்ணைத்தான் கடன் வாங்கவேண்டியிருக்கிறது.

ஏன் அந்த வயதில்? மூளையில் அப்போது பெரிய மராமத்து நடக்கிறது. உணர்ச்சியை எழுப்பும் ஆழ்பகுதிகள் பருவமெய்தும்போதே வேகம் எடுத்துவிடுகின்றன. அவற்றை நிறுத்தி நிதானிக்கச் சொல்லும் நெற்றிப்பின் மூளைப்புறணி மெதுவாகத்தான் முதிர்கிறது. தேவையற்ற நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன, மிஞ்சியவை உறை பூண்டு வேகம் பெறுகின்றன. 1999இல் ஜே கீட் குழு ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து இந்த மெதுவான முதிர்ச்சியைக் காட்டியது. (மூளை 25 வயதில் முழுமையடைகிறது என்று வாட்ஸ்அப்பில் வருமே, அந்த 25 வசதிக்காகச் சொல்லும் எண். எந்த ஸ்கேனிலும் அப்படி ஒரு கோடு கிடையாது.) இந்த மராமத்து எல்லோருக்கும் நடக்கிறது. மரபும் வளர்ப்பும் பட்ட அடியும் சேர்ந்து சிலருக்கு மட்டும் அது நோயாக மாறுகிறது.

இதெல்லாம் பல புத்தகங்களில் இருப்பதுதான். நான் நிற்க விரும்பும் இடம் வேறு. அது நேரம்.

மூளையின் அடியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடலின் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம், எப்போது பசி, எந்த ஹார்மோன் எப்போது என்பதை அது சொல்கிறது. ஆனால் அது துல்லியமான கடிகாரம் அல்ல. தானாக விட்டால் அதன் நாள் 24 மணியைச் சற்றுத் தாண்டும். தினமும் யாராவது அதைத் திருத்தவேண்டும். முதல் திருத்தம் காலை வெளிச்சம். 1988இல் சிண்டி எலர்ஸ், எலன் ஃப்ராங்க், டேவிட் குப்ஃபர் மூவரும், மனிதர்கள் விஷயத்தில் வெளிச்சம் மட்டும் போதாது என்றார்கள். எழுப்பும் குரல், கிளம்பவேண்டிய நேரம், சேர்ந்து சாப்பிடும் வேளை என்று பிறரோடு சேர்ந்த வாழ்க்கையே நம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. வேலை போவது, துணையை இழப்பது போன்ற இழப்புகள் துக்கத்தை மட்டும் தருவதில்லை. இந்தச் சாவிகளையும் பிடுங்கிக்கொள்கின்றன. ஏற்கெனவே ஆட்டம் காணும் மனம் அதோடு சேர்ந்து சரிகிறது.

இதை அளக்க அவர்கள் ஒரு படிவம் செய்தார்கள். அதன் சுருக்க வடிவத்தில் ஐந்தே வரி. படுக்கையை விட்டு எழுந்தது எத்தனை மணிக்கு? முதலில் ஒரு மனிதரோடு பேசியது? வேலையோ படிப்போ தொடங்கியது? இரவு சாப்பாடு? படுக்கப்போனது? வாரம் முழுக்க எழுதினால், இந்த ஐந்தும் நாளுக்கு நாள் எவ்வளவு தள்ளாடுகின்றன என்று தெரியும். இருமுனைக் கோளாறு உள்ள 175 பேரிடம் நடத்திய ஒரு நீண்ட ஆய்வில், மருந்தோடு இந்த நேர ஒழுங்கையும் கற்பித்துச் சீராக்கியவர்கள் மீண்டும் நோயில் விழ அதிக காலம் ஆனது. 2005இல் வந்த முடிவு இது.

இப்போது பள்ளிக்கூடத்தை இந்தக் கண்ணோடு பார்ப்போம். அங்கே சொல்லித்தரும் பாடத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் முதல் மணி, பிரேயர், வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவது, மதியச் சாப்பாட்டு வரிசை, கடைசி மணி எல்லாம் நாள் தவறாமல் நடக்கின்றன. வராவிட்டால் 'ஏன் வரல?' என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் மதிய உணவுத் திட்டத்தில் அந்த நேரத்துக்குச் சோறும் இருக்கிறது. நோயுற்ற பிள்ளையைப் பள்ளி குணப்படுத்துவதில்லை, பல சமயம் புண்படுத்தவும் செய்கிறது. ஆனாலும் நேரத்தை அது பிடித்து வைத்திருக்கிறது. பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள், நோய் தலைகாட்டும் அதே பருவத்தில், அந்தப் பிடி விடுகிறது.

ஹாஸ்டலில் மணி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. பருவ வயதில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது என்று மேரி கார்ஸ்கடனின் ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. பிள்ளை பத்து மணிக்குத் தூங்காதது வீம்பல்ல, உடல்வாகு. அந்த உடலை நள்ளிரவு வரை ஸ்டடி ஹவரிலும் விடியலுக்கு முன் மறுபடி ஸ்டடி ஹவரிலும் உட்காரவைத்தால் தூக்கம் கரைகிறது. இருமுனைக் கோளாறுக்கு உடல் இடம்தரும் ஒருவனுக்குத் தூக்க இழப்பே முதல் எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். வீட்டிலிருந்து தொலைவு, வாராந்திரத் தேர்வு, நோட்டீஸ் போர்டில் ரேங்க் பட்டியல் எல்லாம் அதன்மேல் ஏறும் பாரங்கள்.

ஒரு பையனை வைத்துப் பார்ப்போம். பலரைச் சேர்த்துச் செய்த பையன் இவன், பெயர் வேண்டாம். திருப்பதியில் இன்டர் முதலாண்டு. தீபாவளி லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. முதலில் வயிற்றுவலி என்றான். பிறகு எதுவும் சொல்லவில்லை. மார்கழிக்குள் அவன் ராத்திரி பகலாகவும் பகல் ராத்திரியாகவும் ஆகிவிட்டது.

"ராத்திரி பூரா செல்லையே நோண்டறான் சார், பகல்லே எழுப்புனா எரிஞ்சு விழறான்" என்பாள் அம்மா. அப்பாவுக்குச் செல்போன்தான் நோய். அத்தைக்குச் சேர்க்கை. தாய்மாமன் இருந்தால், "நாலு அறை விட்டா சரியாப் போயிரும்" என்பார். அந்த ஐந்து வரிப் படிவத்தை இவனிடம் கொடுத்தால் 'முதலில் ஒரு மனிதரோடு பேசியது' என்ற இடத்தில் பல நாள் மாலை ஐந்து மணி வரும், சில நாள் ஒன்றுமே வராது.

எலும்பு முறிந்தால் எங்கே போகவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே புத்தூர். சென்னையிலிருந்தும் அங்கே கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்கள். மனம் முறிந்தவனைப் பெரும்பாலும் முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். எல்லை தாண்டினால் சோளிங்கர். தக்கான் குளத்தில் முழுகி, மலையேறி நரசிம்மரைக் கும்பிட்டு, அங்கேயே சில நாள் தங்குவது பல தலைமுறை வழக்கம்.

படித்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பது வழக்கம். நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் சக ஆய்வாளர்களும் சுளிக்காமல் போய்ப் பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்த முத்துசாமி கோயிலில் குணம் தேடி வந்து தங்கிய 31 பேரை, வந்தபோதும் கிளம்பும்போதும் மனநல அளவுகோலால் அளந்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. இந்த ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். அங்கே மந்திரமோ மருந்தோ எதுவும் இல்லை. காலையில் பூஜை. மற்ற நேரத்தில் கோயிலைக் கூட்டுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள். கூட ஒரு உறவினர். யாரும் விரட்டவில்லை, யாரும் வைத்தியம் செய்யவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான் அது, இதை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் எழும் நேரமும், செய்ய ஒரு வேலையும், துரத்தாத மனிதர்களும் ஆறு வாரத்தில் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஒரு தடயம் அதில் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி ஒன்றில் நடந்த தீவிபத்தில் 28 பேர் ஓடமுடியாமல் கருகினார்கள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால். சங்கிலியும் ஒரு வகை ஒழுங்குதான் என்று நினைத்தவர்கள் நடத்திய விடுதி அது.

வேலூரில் இன்னொரு வழி பிறந்தது. சித்தூர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பல நேரம் சென்னையோ திருப்பதியோ இல்லை, வேலூர் சி.எம்.சி.தான். அதன் மனநல மையத்தை 1957இல் பாகாயத்தில் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் நிறுவியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்று வைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்திருந்தார். மேலைநாடுகள் நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து வைத்த காலம் அது. இங்கே சமைப்பதும் துவைப்பதும் சிகிச்சையோடு சேர்ந்தே நடந்தன.

சரி, பையன் மருந்து சாப்பிடுகிறான், தூக்கம் கொஞ்சம் சீராகிறது. அடுத்து என்ன? எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முதலில் முழுக்கச் சரியாகட்டும், அப்புறம் படிப்போ வேலையோ பார்க்கலாம். மருத்துவ உலகமும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தது. பயிற்சிக்கூடத்தில் மெழுகுவர்த்தி செய்யப் பழக்கு, கவர் ஒட்டப் பழக்கு, தயார் ஆனதும் வெளியே அனுப்பு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். வேலை செய்ய விருப்பம் இருந்தால் போதும், முதலில் உண்மையான சம்பள வேலையில் சேர்த்துவிடு. பழக்கமும் உதவியும் வேலை செய்யும் இடத்திலேயே நடக்கட்டும். கடுமையான மனநோய் உள்ளவர்களிடம் இரண்டு முறைகளையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட 11 ஆய்வுகளை 2008இல் சேர்த்துக் கணக்கிட்டபோது, வேலை முதலில் என்ற முறையில் 61 சதவீதம் பேர் வெளிச்சந்தை வேலை பெற்றிருந்தார்கள். பழைய வழியில் 23 சதவீதம்.

'தயார் ஆகட்டும்' என்று காத்திருப்பதில்தான் தயார் ஆவது தள்ளிப்போகிறது. வேலை, குணமானதற்குக் கிடைக்கும் பரிசு அல்ல. குணமாகும் வழியில் அதுவும் ஒரு பகுதி. சென்னையில் 1981 முதல் பின்தொடரப்பட்ட, புதிதாக மனச்சிதைவு கண்ட 90 பேரின் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் தாரா, பத்தாண்டு, இருபதாண்டு என்று அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார். பத்தாண்டு முடிவில் பெரும்பான்மையோர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தார்கள். வளரும் நாடுகளில் இந்த நோய் மென்மையானது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளை வைத்து ஒரு கொள்கை உருவானது. 2008இல் அதே தாராவும் விக்ரம் படேல் முதலானோரும் அந்தக் கொள்கையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். எல்லா ஊரிலும் அப்படி இல்லை, தேடிப்பிடிக்க முடியாமல் போனவர்களும் இறந்தவர்களும் இருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு இரண்டாவது குரலே சரியாகப் படுகிறது. கிராமம் தானாகவே மருந்தாகிவிடாது. ஆனால் இன்டர்வியூ இல்லாமல் நுழையக்கூடிய வேலை கிராமத்தில் இருக்கிறது என்பது உண்மை.

உதாரணத்துக்குப் பால் சென்டர். சித்தூர் ஜில்லா மாம்பழத்துக்குப் பேர்போனது, ஆனால் தோத்தாபுரி வருஷத்துக்கு ஒரு பருவம். பால் அப்படியில்லை. விடிந்ததும் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, பண்டிகை என்றாலும் மாடு கறக்கும். கேனும் சொம்புமாக வரிசை. ஒவ்வொருவர் பாலிலிருந்தும் சிறு குப்பியில் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைத்தால் ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) எவ்வளவு என்று எண் வரும். எண்ணைப் பார்த்துச் சீட்டு. "நேத்து நாலு புள்ளி ரெண்டு, இன்னைக்கு எப்படிரா மூணு புள்ளி ஒம்போது?" என்று ஒரு பெரியம்மா கேட்பாள். பதில் சொல்லவேண்டும். அதற்குள் அடுத்தவர் குப்பி வந்துவிடும்.

நம் பையனை அங்கே சீட்டு எழுத வைத்தால் என்ன ஆகும் என்று அந்த ஐந்து வரிப் படிவத்தின் வழியாகப் பாருங்கள். எழுந்திருக்கும் நேரம் பாலால் தீர்மானமாகிறது. கண்ணில் விடியல் வெளிச்சம் படுகிறது, அது பருவ வயதின் பின்தங்கிய கடிகாரத்தை முன்னால் இழுக்கிறது. முதல் மனிதப் பேச்சு ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது. பேச்சும் அளவானது. நலம் விசாரிப்பதில்லை, எதிர்காலத்தைக் கேட்பதில்லை, ஃபேட் பற்றி மட்டும். பதற்றம் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட பேச்சுதான் தாங்கும். நடுவில் நீண்ட ஓய்வு, மாலையில் மறுபடி. அவன் வராவிட்டால் வரிசை நிற்கும், ஆள் அனுப்புவார்கள். ராத்திரி சீக்கிரம் படுக்கவேண்டும் என்ற நிபந்தனை மட்டும் வீட்டார் கையில். அது தவறினால் இதே வேலை தூக்கத்தைத் தின்று, நன்மையைத் தலைகீழாக்கிவிடும்.

இதையெல்லாம் வாசிக்கும்போது, அப்படியானால் படிப்பு? என்று ஓர் ஆதங்கம் எழும், எழவும் வேண்டும். எம்.பி.சி. படித்த பிள்ளை பால் சீட்டு எழுதுவதோடு முடியவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2000களின் தொடக்கத்தில், தேர்வில் தவறியவர்கள் அடுத்த சில வாரங்களிலேயே மறுபடி எழுத வாய்ப்புத் தந்தார்கள். சென்னையில் 1986இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், மாணவர் உயிரைக் காத்த முக்கியமான மாற்றமாக அதைச் சொல்லி வருகிறார். ஆந்திராவில் இன்டருக்கு அட்வான்ஸ்டு சப்ளிமென்டரி இருக்கிறது. ஒரு வருஷ வெறுமை சில வாரங்களாகச் சுருங்குகிறது என்பதுதான் இதன் சாரம். பையன் சப்ளிமென்டரியில் இரண்டு பேப்பரும் அடுத்த முறை இரண்டு பேப்பரும் என்று எழுதலாம். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில் படிக்க நேரம் இருக்கிறது. (மனம் மிகவும் கனத்துப்போகிற நேரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம்.)

பெண்பிள்ளைக்கு இந்தக் கதை வேறு. அவளுக்குப் பால் சென்டர் இல்லை, கல்யாணம் இருக்கிறது. 'முடிச்சு வெச்சா சரியாயிரும்' என்பது எல்லா ஊர் வைத்தியம். ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் மனச்சிதைவோடு கணவரால் கைவிடப்பட்ட 76 பெண்களைச் சந்தித்து 2003இல் எழுதினார்கள். நோய் ஒரு சுமை, வாழாவெட்டி என்ற பெயர் இன்னொரு சுமை, ஜீவனாம்சம் என்ற பேச்சே இல்லை. வயதான பெற்றோர் தலையில் எல்லாம் திரும்பி வந்து விழுந்திருந்தது. ஆணுக்கு வேலை எதைத் தருகிறதோ அதையே பெண்ணுக்குக் கல்யாணம் தரும் என்று குடும்பங்கள் நம்புகின்றன. தினசரி ஒழுங்கு தருகிறது என்பது சரிதான், ஆனால் விட்டுவிலகும் உரிமை அவளுக்கு இல்லாத ஒழுங்கு அது.

அரசாங்கம் என்ன தருகிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, மனநோய் அதில் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று இருந்தால் உயர்கல்வியில் 5 சதவீத இடத்திலும் அரசு வேலையில் 4 சதவீத இடத்திலும் உரிமை கோரலாம். வேலைக்கான அந்த நாலில் ஒன்றே ஒன்றைத்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆந்திராவில் சான்று தருவது சதரம் முகாம். மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024 முதல் மாதம் 6,000 ரூபாய்.

மனதை எப்படிச் சதவீதத்தில் அளப்பது? அதற்கு இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் குழு 2002இல் உருவாக்கிய ஐடியாஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. நான்கு கேள்விப் பகுதிகள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை அல்லது படிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண், இரண்டு ஆண்டுக்குள் என்றால் 1. மொத்தம் 7 வந்தால் 40 சதவீதக் கோட்டைத் தொடலாம்.

நம் பையனுக்குப் போட்டுப் பார்ப்போம். சொன்னால்தான் குளிக்கிறான்: 1. வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிறான், நண்பர்கள் யாரும் இல்லை: 2. பேச்சில் பெரிய குழப்பமில்லை: 1. படிப்பு நின்றுவிட்டது, வேலை எதுவும் இல்லை: 3. நோய்க்காலம்: 1. ஆக 8. கோட்டுக்கு மேலே. ஆறு மாதம் பால் சென்டருக்குத் தவறாமல் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கான 3, 1 ஆகும். மொத்தம் 6. கோட்டுக்குக் கீழே. சான்று புதுப்பிக்கும்போது 6,000 ரூபாயும் படிப்பு ஒதுக்கீடும் போய்விடும். நோய் போகவில்லை, மாத்திரை நிற்கவில்லை, நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறித்தான் வருகின்றன. கோடு அதையெல்லாம் பார்ப்பதில்லை. இதை அறிந்த அம்மா ஒருத்தி, முகாம் முடியும்வரை பையனை வேலைக்கு அனுப்பவேண்டாம் என்று முடிவெடுத்தால் அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வேலையில் சேர்ந்தபின் ஓரிரு ஆண்டு சான்றைத் தொடாமல் விட்டுவைக்கும் ஒரு விதி போதும், இந்தக் கணக்கு அவளைப் பயமுறுத்தாது.

2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டு நெறிகளை விதித்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல உத்தரவு. யாரை நியமிப்பது என்பதில் கவனம் வேண்டும். பிஹாரின் நாலந்தா மாவட்டத்துப் பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இதற்கென்றே பயிற்சி தந்து அமர்த்திய உள்ளூர் ஆலோசகர்கள் பள்ளிச் சூழலையும் பிள்ளைகளின் மனச்சோர்வையும் கண்கூடாக மாற்றினார்கள். அதே திட்டத்தை ஆசிரியர்கள் தலையில் கட்டிய பள்ளிகளில் எந்த மாற்றமும் இல்லை. பி.இ.டி. சாரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துக் கணக்குக் காட்டினால் இதுதான் நடக்கும்.

ஆனால் நம் பையனுக்கு அந்த ஆலோசகர் கிடையாது. அவன் பெயர் காலேஜ் ரிஜிஸ்டரில் அடிக்கப்பட்டுவிட்டது. ஊருக்கே வரும் உதவியும் இருக்கிறது, அது வேறு பட்டியலை வைத்திருக்கிறது. காஞ்சிபுரம், கோவா, சத்தாரா மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கே போய் ஓராண்டு உதவியதில் நோயும் முடக்கமும் ஓரளவு குறைந்தன. ஆந்திராவின் மேற்கு கோதாவரியில் ஆஷா பணியாளர்கள் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போய் மனச்சோர்வையும் பதற்றத்தையும் கண்டறிந்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சேர்க்கும் திட்டம் பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் கேள்வி கேட்பது 18 வயது நிரம்பியவர்களிடம். இவனுக்குப் பதினாறரை. அந்தத் திட்டம் இங்கே வந்தாலும், ஆஷா அக்கா இவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் பிரஷரைப் பார்த்து, அப்பாவின் தூக்கத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும்போது இவன் உள்ளறையில் இருப்பான். பள்ளியின் பட்டியல் முடியும் வயதை இரண்டு ஆண்டு மேலே நீட்டுவதோ, ஊரின் பட்டியல் தொடங்கும் வயதை மூன்று ஆண்டு கீழே இறக்குவதோ, பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஆஸ்திரேலியா 2006இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் மையங்கள் 12 வயது முதல் 25 வரை ஒரே கதவு என்று வைத்துக்கொண்டன. இங்கே அதற்குப் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை, அந்த அக்காவின் டேப்லெட்டில் வயதுக் கட்டத்தை மாற்றினால் அவளால் உள்ளறைக் கதவைத் தட்டிக் கேட்க முடியும்.